பிள்ளையோடு வந்த ஃபிட்டர்

1961 ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை, பகல் ஒன்றரை மணி. ஜாலான் புசாரில் பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து எட்டு வைப்பதற்குள் வானம் உடைந்து கொட்டியது... பிரிஜட் இரும்புக் கடை வாசலின் அஞ்சடிக்குள், கூரை போட்ட நடைபாதைக்குள், ஓடி ஏறினாள். கவுனின் ஓரத்தைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

வெயிலில் காய்ந்த நிறத்தில் நெடிய ஒருவன் கடைக்காரச் சீனரிடம் மரையாணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பு வாரிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, மஞ்சள் சட்டை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் இடுப்பில் போய் முடிந்தது. நாலு வயது இருந்தால் அதிகம். அது கூரைத் தண்ணீரைக் கையில் ஏந்திக் கொண்டிருந்தது. என்ன கண்கள்... மழை கழுவி விட்டது போல!

பிரிஜட்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது என்ன லா... பிள்ளையா, ஆட்டுக்குட்டியா?"

அவன் திரும்பினான். அதே கண்கள் அவனுக்கும் இருந்தன. அதுவேறு அவளை எரிச்சல்படுத்தியது.

"உங்களத்தான் கேக்குறேன் மிஸ்டர். பெத்த பிள்ளையக் கயித்துல கட்டி இழுத்துட்டு வர்றீங்களே, போலீஸக் கூப்பிடவா?"

"ஊருக்குப் புதுசுங்க. இங்க யார வேணும்னாலும் யாரும் அதட்டலாமோ?"

"பிள்ளைய இப்படி நடத்துனா அதட்டலாம்."

"அதட்டி முடிச்சாச்சுன்னா கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கூரைத் தண்ணி உங்க தலையிலதான் விழுது."

விழுந்துகொண்டுதான் இருந்தது. அவள் நகர்ந்தாள். அவன் சொல்லி நகர வேண்டியதாயிற்றே என்ற கோபம் வீடு போய்ச் சேரும் வரை ஆறவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கோபத்துக்கு ஒரு பெயரும் கிடைத்தது. காலாங் ஆற்றோரம், மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் எந்திரம் பூட்டிக்கொடுக்கும் பட்டறையில் அவள் டைப்பிஸ்ட். மூன்று மாத ஒப்பந்தத்தில் தூத்துக்குடியிலிருந்து ஒரு ஃபிட்டர் வருகிறார் என்பது அவள் டைப் அடித்த கடிதங்களிலேயே இருந்தது. சிலுவைராஜ். கூடவே அந்தக் கயிறும், அதன் மறுமுனையில் அந்தோனியம்மாளும் வருவார்கள் என்பது எந்தக் கடிதத்திலும் இல்லை.

பிரிஜட் நேரே மேனேஜர் துரைசாமியின் அறைக்குப் போனாள். கண்டதைத் தேதி, மணி, இடம் மூன்றோடும் ஒழுங்காகச் சொன்னாள். பிள்ளையைக் கட்டிவைக்கக் கூடாது என்று நீங்கள் கண்டிக்க வேண்டும் என்றாள்.

துரைசாமி கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபிட்டரைத்தான் வரவழைத்தோம், குடும்பத்தையா வரவழைத்தோம் என்று சீறிவிட்டு, உடனே ஒரு கடிதம் சொன்னார். வியாழக்கிழமைக் கப்பலில், தெரிந்தவர் யாருடனாவது குழந்தையை ஊருக்கு அனுப்பிவிட வேண்டும். தவறினால் ஒப்பந்தம் ரத்து.

சுருக்கெழுத்து எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றது. அவள் எடுக்கச் சொன்னது கயிற்றை... இவர் எடுப்பது பிள்ளையை அல்லவா?

மதியச் சாப்பாட்டு நேரத்தில் படகுத் துறைக்குப் போனாள். அவன் ஒரு படகின் அடிவயிற்றுக்குள் தலையை விட்டிருந்தான். பெட்டி மேல் உட்கார்ந்து அந்தோனியம்மாள், நாக்கைக் கடித்துக்கொண்டு, கயிற்றைத் தன் இடுப்பில் தானே முடிந்துகொண்டிருந்தாள்.

"அப்பா கட்டி விடலையா?" என்றாள் பிரிஜட்.

"நாந்தான் கட்டுவேன். எங்க தோணில ஏறுனா பிள்ளைங்கள எல்லாம் பாய்மரத்துல கட்டிப் போடுவாக. கட்டுனா கடல்ல விழ மாட்டாக." முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்ந்து வரும் என்பதைப் பெருமையாகச் செய்தும் காட்டினாள். "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான் தூங்கிட்டேன். கட்டவே இல்ல. அதான் அம்மா வரல."

பிரிஜட் பெட்டியருகே குந்தி உட்கார்ந்தாள்.

படகுக்குள்ளிருந்து தலை வெளியே வந்தது. கன்னத்தில் கிரீஸ்.

"ஆறு மாசம் ஆவுது. கயிறு இல்லாம தூங்க மாட்டேங்கா. அவளா விடட்டும்னு நானும் விட்டுட்டேன். ஊருல விட்டுட்டு வான்னு எல்லாரும் சொன்னாக... எப்படிங்க விடுவேன்?"

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நடுத்தெருவுல நின்னு, எம் பொண்டாட்டி செத்துப் போச்சுன்னு உங்ககிட்ட சொல்லணுமாக்கும்?"

பிரிஜட், மேனேஜரிடம் சொன்னது நான்தான், இப்படி ஒரு கடிதம் வரப்போகிறது என்று மறைக்காமல் ஒப்புக்கொண்டாள். அவன் முகம் கதவு சாத்தியது போல ஆயிற்று. அனுப்புவதானால் இரண்டு பேரையும் அனுப்பட்டும் என்று சொல்லிவிட்டு, திரும்பவும் எந்திரத்துக்குள் குனிந்துகொண்டான்.

பிரிஜட் விடுவிடுவென்று அலுவலகத்துக்கு வந்தாள். தன் மேல் இருந்த கோபம் இப்போது ஆள் மாறியிருந்தது. அலமாரியைத் திறந்து, போன வருஷத்துக் கோப்பில் ஒரு கார்பன் நகலை உருவினாள். துரைசாமி மேஜையில் வைத்தாள்.

"இதப் படிங்க சார். போன வருஷம் மார்ச்சுல ஹாங்காங் போனப்ப நீங்க சொல்லி நான் அடிச்சது. 'மனைவியும் மகனும் உடன் இருந்தால்தான் என்னால் மனம் ஒன்றி வேலை செய்ய இயலும்.' முதலாளியும் சரின்னுட்டாரு. உங்க மகனுக்கு அப்ப பதினோரு வயசு. இந்தப் பிள்ளைக்கு நாலு."

"அதும் இதும் ஒண்ணா, பிரிஜட்?"

"இல்ல சார். உங்க பையனுக்கு அம்மா இருக்காங்க. அந்தக் கடிதத்த நான் டைப் அடிக்க மாட்டேன். வேற ஆள வச்சு அடிச்சா, இந்த நகலையும் கூடவே முதலாளிக்கு அனுப்புவேன்."

துரைசாமி நகலைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில் பிள்ளை பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது, அலுவலகத்தில் இருக்கட்டும், ஏதாவது ஆனால் உன் தலைதான் என்றார்.

சிலுவைராஜுக்கு அதுவும் பொறுக்கவில்லை. மாட்டிவிடச் சொன்னது யார், மன்றாடச் சொன்னது யார் என்று கேட்டான். ஆனாலும் மறுநாள் காலை பிள்ளையைக் கொண்டுவந்து அவள் மேஜையருகே உட்கார வைத்தான். ஆறு வாரம் அவர்கள் பேசியதெல்லாம் அந்தோனியம்மாள் வழியாகத்தான். "நான் பால் குடிச்சேனான்னு அப்பா கேக்குறாங்க" என்று அவள் சொல்ல, "உங்கப்பா சாப்டாங்களான்னு கேளு" என்று இவள் சொல்ல... இத்தனை சின்ன ஆளுக்கு இவ்வளவு பெரிய பெயரா என்று பிரிஜட் ஒருநாள் முணுமுணுத்தபோது, அவன் முதல் தடவையாகச் சிரித்தான். ஆகஸ்டில் ஒரு மதியம் பிள்ளை அவள் மடியிலேயே கயிறில்லாமல் தூங்கிவிட்டது. வாசலில் நின்று பார்த்தவன், வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பிப் போனான்.

ஒப்பந்தம் முடிய ஐந்து நாள் இருந்தது. துரைசாமி ஒரு கடிதம் சொன்னார். ஃபிட்டர் இன்னும் இரண்டு வருஷம் இருக்கும்படி கேட்டோம், மறுத்துவிட்டார், இருவருக்கும் திரும்பப் பயணச் சீட்டு.

அவள் எழுதிய பென்சிலைக் கீழே வைக்காமலே துறைக்கு நடந்தாள். தூறல் பிடித்திருந்தது.

"ஏன் மறுத்தீங்க?"

அவன் கையைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். "பிள்ள உங்ககிட்ட ரொம்ப ஒட்டிக்கிட்டா. இன்னும் ரெண்டு வருஷம் போனா... அப்புறம் பிரிக்க முடியாது. ஒரு தடவ பட்டதே அவளுக்குப் போதும்."

"பிள்ளைக்காகத்தானா?"

தூறல் அவன் இமைகளில் நின்றது.

"எனக்கும்தான்."

பிரிஜட்டுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. கோபம் முந்திக்கொண்டது.

"நல்லா இருக்கு லா உங்க நியாயம். பிள்ளைய ஒருத்தர்கிட்டருந்து பிரிக்கக் கூடாதுன்னு கடல் தாண்டிக் கூட்டிட்டு வந்தீங்க. இப்ப நீங்களே பிரிக்கிறீங்க. துரைசாமி சார் செஞ்சா அநியாயம், நீங்க செஞ்சா நியாயமா? எனக்குப் பிள்ள வேணுமா, வேணாமா... உங்கள வேணுமா, வேணாமா... ஒரு வார்த்த என்னக் கேட்டீங்களா?"

அவன் கை துடைத்த துணியைக் கீழே வைத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"இப்பக் கேக்குறேன்."

"ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் குவீன்ஸ்டவுன்ல எங்க வீட்டுக்கு வந்து எங்கம்மாகிட்டயும் கேளுங்க. ரெண்டு பேரும் வரணும்." மூக்கை உறிஞ்சினாள். "என் பதில் இப்பவே வேணும்னா... போய் அந்தச் சீட்டக் கேன்சல் பண்றேன். அதான்."