மடிக்குடை

“யோவ்... அது என் ரொட்டி!”

உனைசி போட்ட கத்தல், ஓட்டுநர் வைத்திருந்த பாட்டையும் மீறி நவுசோரி நகருக்குப் போகும் பஸ் முழுவதும் கேட்டது.

பக்கத்து சீட்டுக்காரன் அசரவில்லை. அவள் மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, உருளைக்கிழங்கு ரொட்டியில் பாதியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். நெடுநெடு உயரம். மழையில் நனைந்த சுருட்டை முடி. கண்களில் மட்டும் ஒரு திருட்டுச் சிரிப்பு...

“உப்பு கொஞ்சம் தூக்கல். தீவுக்காரங்க கைப்பக்குவம் அப்படித்தான்.”

“யாரு நீ? டிரைவரைக் கூப்பிடட்டுமா?”

“தாராளமா கூப்பிடு. உன் சட்டை முதுகுல என்ன எழுதியிருக்குன்னு அவரும் படிக்கட்டும். ‘நாகாரா தேவாலயப் பாடகர் குழு.’ நீ நாகாரா... நான் வைநிகோரோ.”

அவ்வளவுதான். உனைசியின் கோபம் பாதியில் நின்றுவிட்டது.

நாகாரா தீவுக்கும் வைநிகோரோ மலைக்கும் ஆதியில் ஒரே காவல் தெய்வம். அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவருக்கொருவர் ‘தௌவு’. தௌவு கையில் இருப்பதைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்யலாம். யாருக்கு முதலில் கோபம் வருகிறதோ, அவர் தோற்றவர்.

“விலாங்கு தின்னி! மலையில சோறு பொங்கறதில்லையா?” என்றாள்.

“இது தௌவுக்கு அழகு!” அவன் வாய்விட்டுச் சிரித்தான். “பேரு இசிமேலி. அந்த நோட்டை ஏன் குழந்தை மாதிரி கட்டிப் பிடிச்சிருக்கே?”

சொன்னாள். வணிகப் பாடத்துக்கு ஒரு புதுப் பொருள் யோசிக்க வேண்டும். இசிமேலியும் அதே கல்லூரிதானாம். அதே பாடம், அதே பிரதாப் சார்... இவளுக்கு வியாழன் வகுப்பு, அவனுக்குச் செவ்வாய்.

“நீ என்ன யோசிச்சே?”

“தேங்காயெண்ணெய் சோப்பு. ‘இந்த வருஷம் இது பதினோராவது சோப்பும்மா’ன்னு அடிச்சிட்டார். மரவள்ளிக்கிழங்கு வறுவல் சொன்னேன். கொட்டாவி விட்டார். சிப்பித் தோடு சொன்னேன்... கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு என்னையே பார்த்தார்.”

“பாவம் சார்!”

“நாந்தான் பாவம்!”

மழை வலுத்தது. பஸ் ஜன்னல்களின் தார்ப்பாய்கள் சடசடவென்று இறங்கின. உனைசிக்கு வாய்த்தது கிழிந்த தார்ப்பாய். தண்ணீர் நேராக அவள் மடியில் சொட்டியது. நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையால் பிளாஸ்டிக் பையை மடியில் பரப்பினாள். அது முழங்காலைக்கூட மூடவில்லை.

“சே! ஒரு பை இருக்கணும். பிரிச்சா மடி பூரா மூடணும். இறங்கும்போது மடக்கினா மறுபடி பையாயிடணும்...”

சொல்லிவிட்டு அப்படியே நிறுத்தினாள்.

அவனும் மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

இருவர் கண்களும் ஒன்றையொன்று பார்த்தபடி நின்றன. தார்ப்பாயின் நீல நிழலில் அவள் கண்கள் எவ்வளவு பெரிதாக இருந்தன! மழை பிடித்த தீவுக் கடலைப் போல... இசிமேலிக்குத் தொண்டையில் ரொட்டி சிக்கிக்கொண்டது.

அவள் நோட்டில் அவசரமாக எழுதினாள். ‘மடிக்குடை’.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பொருளின் பெயரைப் பிரதாப் சாரின் அறைக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுத அன்று மதியம் பன்னிரண்டு மணிதான் கடைசி. ஒரு பொருள் ஒரு முறைதான். முதலில் எழுதியவருக்கே சொந்தம்.

உனைசி வகுப்பு முடிந்து பதினொன்றரைக்கு ஓடி வந்தாள். பதினாலாவது வரியில் இருந்தது... மடிக்குடை — இசிமேலி.

“என்ன தௌவு! ரொட்டியும் போச்சு, குடையும் போச்சா?”

அவன் சுவரில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் நின்ற மாணவர்கள் அவள் என்ன திருப்பிக் கொடுக்கப்போகிறாள் என்று ஆவலாகப் பார்த்தார்கள்.

கோபப்பட்டால் தோல்வி. உனைசி சிரித்தாள். உதடு நடுங்க நடுங்கச் சிரித்தாள். “சாப்பிடு... நல்லா சாப்பிடு!” என்றாள். கூட்டம் ஆரவாரித்தது. ஆனால் அவள் கண்கள் நிறைவதை இசிமேலி பார்த்துவிட்டான்.

அதே நேரம் பிரதாப் சார் கதவைத் திறந்தார். “உனைசி, உன் பேரை எங்கே காணோம்? பன்னிரண்டு வரைக்கும்தான் டைம். இந்தப் பாடம் போனா உன் உதவித்தொகையும் போயிடும். ஞாபகம் இருக்கட்டும்மா.”

அவள் தலையை ஆட்டிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். படிப்பு நின்றால் தீவுக்குத்தான் திரும்ப வேண்டும். பாடகர் குழுவே படகுத்துறைக்கு வந்து பாடி வழியனுப்பிய பெண்... எந்த முகத்தோடு போய் இறங்குவாள்?

பின்னாலேயே காலடிச் சத்தம்.

“உனைசி... உதவித்தொகை விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. நீ வந்து கத்துவே, என் பேரை அடிச்சிட்டு உன் பேரை எழுதுவே, அந்தச் சாக்குல நாள் பூரா உன்கூடப் பேசலாம்னுதான்... தப்புப் பண்ணிட்டேன். இப்பவே போய் அழிச்சுடறேன்.”

“வேண்டாம். பிச்சையா போடறதை நான் வாங்கிக்க மாட்டேன்.”

“பிச்சை இல்ல...”

“வேற என்னவாம்?”

அவன் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு மெதுவாகக் கேட்டான். “நான் உனக்கு யாரு?”

“திருடன்.”

“அப்புறம்?”

 அவள் அவனை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். சட்டென்று எட்டி அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கினாள். தௌவுதானே... கேட்கவில்லை. விடுவிடுவென்று கதவுக்கு நடந்தாள். பதினாலாவது வரியில் இசிமேலி என்ற பெயரை அழுத்தமாக அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்... உனைசி.

“என்ன விலாங்கு தின்னி, பேனாவும் போச்சு, குடையும் போச்சா?”

கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தவன் இசிமேலிதான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி...

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. உனைசிக்கு அப்போதுதான் உறைத்தது. இனி தாளில் பெயர் இல்லாதவன் அவன்!

“உனக்கு?”

“எனக்கென்ன, சோப்பு இருக்கே!” பேனாவைத் திரும்ப வாங்கி எழுதினான். சார் பார்த்தார். ஒரே கோடாக அடித்தார்.

“பன்னிரண்டாவது சோப்பு,” என்றார்.

அடிப்பார் என்று தெரிந்தேதான் எழுதினான் என்பது உனைசிக்குப் புரிந்தது. அவள் சார் பக்கம் திரும்பினாள்.

“சார்... ரெண்டு பேர் சேர்ந்து ஒரு பொருள் செய்யலாமா?”

“செய்யலாம். சண்டை போடக்கூடாது.”

“சண்டை போடுவோம் சார். கோபப்பட மாட்டோம்.”

மூன்று வாரம் பழைய தார்ப்பாய்களை வெட்டினார்கள், தைத்தார்கள், பிரித்தார்கள், மறுபடி தைத்தார்கள். அவன் தைத்த முதல் பையை விரித்தால் மடக்க வரவில்லை. அவள் தைத்ததை மடக்கினால் விரிக்க வரவில்லை. மாணவர்கள் செய்த பொருட்களை விற்கும் கல்லூரிச் சந்தையன்று நல்லவேளையாக மழை பெய்தது. சாயங்காலத்துக்குள் இருபது மடிக்குடைகளும் தீர்ந்துபோயின.

மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றுடன் அதே பஸ்ஸில் ஏறினார்கள். அதே கிழிந்த தார்ப்பாய், அதே சொட்டு. இந்த முறை அகலமாக விரித்த மடிக்குடை இருவர் மடிக்கும் போதுமானதாக இருந்தது. உனைசி ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்தாள்.

அவன் தொடவில்லை.

“ஏன், இன்னிக்கு உப்பு கம்மியாத்தான் போட்டேன்!”

“இவ்வளவு நாளா எல்லாத்தையும் கேக்காமலே எடுத்தேன், உனைசி. ஒண்ணை மட்டும் அப்படி எடுக்க முடியாது.” அவன் அவள் பக்கம் திரும்பினான். “படிப்பு முடிஞ்சதும்... எங்க பெரியவங்களோட, பொண்ணு கேக்க வைக்கிற திமிங்கிலப் பல்லு எடுத்துக்கிட்டு, உங்க அப்பாகிட்ட வந்து முறைப்படி கேக்கலாமா?”

அவள் இமைகள் தாழ்ந்தன. கன்னத்தில் சூடு ஏறியது.

“நாகாராவுக்குப் படகுலதான் வரணும். நீச்சல் தெரியுமா?”

“தெரியாது.”

“பயமில்லையா?”

“இருக்கு. வருவேன்.”

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது.

“உன் ஸ்டாப் போயிடுச்சு.”

“தெரியும்.”

மழை பாடிக்கொண்டே இருந்தது. அடுத்த நிறுத்தமும் போனது. மடிக்குடைக்கு அடியில் அவள் விரல்கள் மெல்ல அவன் விரல்களைத் தேடிப் பிடித்தன...

“நான் சரின்னு சொல்லிட்டா, கிண்டல் பண்றதை நிறுத்திடுவியா?”

“மாட்டேன்.”

“அப்போ சரி,” என்றாள் உனைசி.