மொட்டைக் கிண்ணம், முடிக் கிண்ணம்

கதவின் உட்பக்கத்தில் காளான் பூத்திருந்தது.

புஷ்பம் வெறும் ரப்பர்பால் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். சுண்டுவிரல் நகத்தளவில் ரோஸ் நிறக் கிண்ணங்கள், இடுப்புயரத்தில், இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. மழையில் மக்கிய ரப்பர் கட்டையில் இவை கொள்ளையாய் முளைக்கும். அடுப்புப்புகையில் காய்ந்த கதவில் முளைத்து அவள் பார்த்ததில்லை.

மகள் சுமித்ரா இருந்தால் உடனே விளிம்பைத் தடவியிருப்பாள். நிறமும் அளவும் ஒன்றானாலும் இரண்டு சாதி உண்டென்று ஏழு வயதில் தானாகக் கண்டுபிடித்தவள். விளிம்பு வழவழப்பாக இருந்தால் மொட்டைக் கிண்ணம். பூனைமீசை மாதிரி வெள்ளை மயிர் நீட்டியிருந்தால் முடிக் கிண்ணம். தனித்தனிச் சிரட்டையில் சேர்ப்பாள்.

காளான் பொறுக்க ஈரத்தில் ஓடிவிடுவாள் என்றுதான் போன வைகாசியில் ஒரு காலை, அவசரமாகத் தலைபின்னிவிட்டு, கதவை வெளியே பூட்டிக்கொண்டு புஷ்பம் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போனாள். பின்னல் இறுகியபோது பிள்ளை வலியில் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அன்று அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டுவரிசையின்மேல் மலை சரிந்தது. ஐந்து நாள் தோண்டினார்கள். பூட்டோடு கதவு கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை. புதைத்துவிட்டு அழ ஒரு எலும்பாவது வேண்டும், அவளுக்கு வேறு ஆசை இல்லை. அந்தக் கதவையாவது தரச்சொல்லி ஆசாரியிடம் கெஞ்சி, இந்தப் புது ஒற்றையறைக் காம்பராவில் மாட்டியிருந்தாள்.

பக்கத்துக் காம்பரா வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள்.

"பழைய பலகை புள்ள. ஈரம் உள்ளுக்கு நிக்கும். கத்தியால சீவி விடு."

"மொட்டதான் அக்கா. அவளுக்கு முடி உள்ளதுதான் புடிக்கும்."

வெள்ளையம்மா போய்விட்டாள். புஷ்பம் சீவவில்லை.

மறுநாள் அந்தியில் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தகரத்தில் அது கொட்டும் இரைச்சலுக்கு அடியில், பலகையை நகத்தால் பிறாண்டுவதுபோல் ஒரு சின்னச் சத்தம் விடாமல் கேட்டது, ஈரமண் வாசனையோடு தேங்காயெண்ணெய் வாசனையும் எழுந்து காம்பராவை நிறைத்தது. விளக்கை எடுத்துக்கொண்டு கதவருகே போனாள்.

விளிம்புகளில் முடி.

வெள்ளை இல்லை. கறுப்பு. சாண் நீளம். தொட்டாள். ஈரம்.

பத்துக் கிண்ணம். ஒரு பிள்ளை இரண்டு கையையும் ஊன்றிக் கதவைத் தள்ளும் உயரம்.

பயம்தான் முதலில் வந்தது. அதையும் மீறி அழுகை வந்தது. சீப்பை எடுத்துவந்து உட்கார்ந்தாள். எண்ணெய் வைத்தாள். பத்துக் கிண்ணத்து முடியையும் ஒன்றாகச் சேர்த்து மூன்றாகப் பிரித்தாள்.

"இன்னைக்கு அவசரம் இல்ல சாமி. அம்மா மெதுவா பின்னுறேன்."

பின்னி முடித்து, லேசாக இறுக்கினாள்.

பலகைக்குள்ளே தலை வெடுக்கென்று பின்னுக்குப் போனது.