வயிற்றில் கரையாத புளி

மாதப் பிறப்பன்று தெருமுனை மருத்துவக்கூடமான சாந்தகத்தில் வில்லை மாற்றிக்கொள்வது, ரேஷன் வாங்குவதைப் போலப் பழகிப்போன காரியம். காதுக்குப் பின்னால் இருக்கும் அமைதி ஒட்டுவில்லையை உரித்துவிட்டுப் புதிதை ஒட்டுவார்கள். அடுத்த மாதம் வரை கவலை எட்டிக்கூடப் பார்க்காது. மதுரையில் வில்லை இல்லாத காதே இல்லை. மங்களேஸ்வரி மட்டும் அன்று ஒட்ட வந்த கையைத் தடுத்தாள்.

“இதைவிடக் கம்மியா ஏதாவது இருக்கா தம்பி?”

டாக்டர் ஆதிரன் பிறந்ததிலிருந்து வில்லையோடு வளர்ந்தவர். “மாத்திரை இருக்கு, நரம்புல பதிக்கிற விதை இருக்கு. எல்லாமே இதே வேலையைத்தான் செய்யும். ஏம்மா, என்ன பண்ணுது?”

“ஒண்ணுமே பண்ணலையே, அதான் கஷ்டம். கொஞ்சமாவது வயித்துல புளியைக் கரைக்கணும்ல?”

“புளிச்ச ஏப்பமா?” என்று அவர் வயிற்றை அழுத்திப் பார்க்க எழுந்தார். மங்களேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

போன வாரம் நிலாவில் இருக்கும் சுரங்கத்தில் கூரை சரிந்த செய்தி வந்தபோது அவள் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் நறுமுகை வேலை பார்ப்பது அங்கேதான். செய்தி முடிந்தது, கத்திரிக்காயும் முடிந்தது. மறுநாள் மகளே கூப்பிட்டாள். “நீ கூப்பிடுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேம்மா.” சுரங்கத்தில் யாருக்கும் வில்லை கிடையாது. பயம் இல்லாதவர்கள் அங்கே பிழைக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்து மங்களேஸ்வரியா இவள்? கல்லூரியிலிருந்து மகள் வரும் பேருந்து அரை மணி பிந்தினால் மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கே ஓடுவாள். மஞ்சள் துணியில் காசு முடிந்து மீனாட்சிக்கு நேர்ந்துகொள்வாள். மகள் இறங்கியதும் முதலில் திட்டு, பிறகுதான் காப்பி. மூச்சு முட்டித் தூக்கம் கெட்ட இரவுகளும் உண்டு. வில்லை வந்துதான் அவளைப் பிழைக்க வைத்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் அந்த ஓட்டத்தை நினைத்தால் ஏக்கமாக இருந்தது.

“எல்லாக் கவலையும் வேணாம் தம்பி. ஒரு போன் போடுற அளவுக்கு இருந்தாப் போதும்.”

ஆதிரன் யோசித்து யோசித்து, வாரம் தவறாமல் வந்து காட்டவேண்டும் என்று சொல்லி, வீரியம் பாதியாகக் குறைத்த வில்லையை ஒட்டி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பேசும் நேரம் தாண்டிப்போனது. காய் நறுக்கிய கை தானாக நின்றது. அடிவயிற்றில் ஏதோ புரண்டது. ரொம்ப நாள் கழித்து வந்த விருந்தாளியைப் போல அதை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நிலாச் சுரங்கத்துக்குப் போன் போட்டு மகளைக் கூப்பிட்டாள்.

“ஏண்டி, ஒரு போன் பண்ண என்ன கேடு உனக்கு? இங்க வயித்துல புளியைக் கரைக்குதுடி!”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“இன்னும் கொஞ்சம் திட்டும்மா.”