ஒரே ஒரு பிளக் பாயிண்ட்

மாஸ்க் கன்னத்தோரம் விலகிக் காற்று புஸ்ஸென்று வெளியேறியும் மெஷின் கூவவில்லை.

மீனலோசனிக்கு அதுதான் முதலில் உறுத்தியது. இறுகிப்போன நுரையீரலுக்குள் காற்றைத் தள்ளிக்கொடுக்கும் அந்த பைபாப் மெஷின், மாஸ்க் இம்மி நகர்ந்தாலும் வில்லாபுரம் முழுக்கக் கேட்கிற மாதிரி அலறி வீட்டையே கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்தும். இன்று மதியம் ஊமையாகக் கிடந்தது. கன்னத்தைத் தலையணையில் தேய்த்து மாஸ்க்கை இன்னும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தாள். ஊமைதான். யாரோ அலாரத்தை அணைத்திருக்கிறார்கள். கணவர் வெங்கடேஷ்பாபுவுக்கு மிக்ஸி போடவே ஒரு ஆள் வேண்டும். அப்படியானால் மகன் கார்த்திகேஷ்தான். பாவம், பிள்ளை கொஞ்சம் கண்ணசரலாம் என்று நினைத்திருப்பான். தொண்டையில் குழாய் போட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "வேணாம்மா, வீட்டுக்குப் போயிருவோம், நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டவன் அவன்தானே.

உடம்புதான் படுத்துவிட்டது, காது படுக்கவில்லை. குக்கர் விசிலை வைத்தே எந்த வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கிறார் என்று சொல்லிவிடுகிற காது அது. இப்போது சொந்த வீட்டை ஒட்டுக்கேட்டது.

"இம்புட்டு சீக்கிரமாவா போகச் சொல்றீக தம்பி?" அவளைப் பார்த்துக்கொள்ள வரும் முத்துத்தாயின் குரல். "அம்மாவுக்கு நெபுலைசர் வைக்கணுமே."

"நான் பாத்துக்கிறேன்க்கா. நீங்க கிளம்புங்க."

"அப்ப நாளைக்கு வெள்ளனா வாரேன்."

கார்த்திகேஷ் கேட்டைத் திறந்துவிட்டான்.

கேட் சாத்திய சத்தத்துக்குப் பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த சோபாவைத் தரையோடு இழுத்தார்கள். பினாயில் வாசனை மாஸ்க்குக்குள்ளும் நுழைந்தது. பீரோ வந்த நாளுக்கப்புறம் திறந்தே இராத வாசற்கதவின் இரண்டாவது பலகை, துருப்பிடித்த தாழோடு மல்லுக்கட்டித் திறந்தது. நடுக்கூடத்தில் மகன் அப்பாவிடம் தணிந்த குரலில், சௌராஷ்ட்ர வீட்டுப் பாஷையில் பேசினான். கட்டிலில் இருப்பவளுக்குத் தாய்மொழி மறந்துவிட்டது என்று நினைத்தானோ என்னவோ.

"எல்லாரும் ஊர்ல இருக்கும்போதே முடிஞ்சுட்டா நல்லதுப்பா. இதுக்கு மேல லீவு கிடைக்காது."

மீனலோசனி கணவரின் பதிலுக்குக் காத்திருந்தாள். திட்டுவார். ஒரு அறை விடுவார். காபியில் சர்க்கரை குறைந்ததற்கே ஊரைக் கூட்டுகிற மனுஷன்.

"தலை எந்தப் பக்கம் வைக்கிறது?" என்றார் அவர்.

தெருவில் ஒரு வேன் பின்னோக்கி வந்தது. இரும்புச் சக்கரங்கள் வாசற்படியில் இடித்தன. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஐஸ் பெட்டி. எந்தத் தெருவில் அது இறங்கினாலும் முதல் ஆளாக ஓடி "யாரு வீட்டுல?" என்று கேட்பவள் அவள்.

பெட்டியைத் தள்ளிவந்தவர் முன்னறையைச் சுற்றிப் பார்த்தார். "பெரிய பிளக் எங்கண்ணே?"

"அந்தா, தலைமாட்டுல. அது ஒண்ணுதான்," என்றான் கார்த்திகேஷ்.

"அதுல மெஷின் ஓடுதே."

"எடுத்துரலாம்."

பெட்டிக்காரர் குனிந்தார். நிமிர்ந்தார். "அண்ணே... அம்மா முழிச்சுப் பாக்குறாக."

"அது அப்படித்தான். தொறந்தே கெடக்கும்."

மாஸ்க்கில் ஆவி படிவதும் மறைவதுமாக இருந்ததை அவர் பார்த்தார். பார்த்ததை மீனலோசனியும் பார்த்தாள். கத்தினாள். மாஸ்க்குக்குள் ஆவி கொஞ்சம் அதிகமானது, அவ்வளவுதான்.

"நான் வெளிய நிக்கிறேண்ணே. நீங்களே மாட்டிக்கிருங்க."

வாசலில் பெட்டிக்காரரிடம் எதிர்வீட்டு ரோகிணியின் குரல். "யாருண்ணே?"

"பெரியம்மாதான்க்கா."

"அய்யய்யோ! எப்ப?"

"இப்பத்தானாம்."

உள்ளே வா. ஒரு எட்டு வந்து பார், ரோகிணி.

செருப்புச் சத்தம் உள்ளே வரவில்லை. அடுத்த வீட்டுக்குச் சொல்ல ஓடியது. மீனலோசனியும் அப்படித்தான் ஓடியிருப்பாள்.

சுவிட்ச். டக்.

காற்று நின்றது. மாஸ்க் கழன்றது. நெஞ்சு தானே இழுத்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம். பிளக் மாறியது. பெட்டி உறுமியது. திறந்த கண்ணாடி மூடிக்குக் கீழிருந்து குளிர் வழிந்து பாதத்தைத் தொட்டது.

கால்மாட்டில் வெங்கடேஷ்பாபு. கையில் வெள்ளைத் துணிக் கிழிசல். அவள் கட்டைவிரல்களைச் சேர்த்து வைத்தார். விரல்கள் விலகின. மறுபடி சேர்த்தார். முடிச்சுப் போட்டார்.

மகனின் உள்ளங்கை முகத்துக்கு வந்தது. சோப்பு வாசனை. இமைகளை மெல்ல மூடினான்.

அவள் திறந்தாள்.

மூடினான்.

திறந்தாள்.

"அப்பா," என்றான் கார்த்திகேஷ், அவள் கண்ணுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் பிடிச்சுக்கங்க." இரண்டாவதாக அவர் கையும் வந்து கண்களை மூடியது.