தூங்க ஒரு கையெழுத்து

"ஐயோ... பிரதாப்!"

காலை எட்டு மணிக்குக் கன்டெய்னர் யார்டே அலறியது.

ஃபோர்க்லிஃப்டுக்கும் இரும்புப் பெட்டிக்கும் நடுவே நசுங்கிக் கிடந்தான் தொழிலாளி பிரதாப். உயிர் இல்லை. வண்டியை ஓட்டிய லோகேஷ் ஸ்டியரிங்கில் தலை சாய்த்து...

தூங்கிக்கொண்டிருந்தான்!

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் செசிலியா வந்தபோது, மேனேஜர் தமிழ்வேந்தன் ஏ.சி. அறையில் இளநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தார். சுவரில் 'நல்ல உறக்கமே பாதுகாப்பு' என்று போஸ்டர் வேறு. த்தூ!

"எங்ககிட்ட எட்டு மணி நேர ஷிப்டுதான் மேடம். நேத்து ரெண்டு மணிக்கே கிளம்பிட்டான். இந்தக் குப்பத்து ஆளுங்களுக்கு ராத்திரி பூரா மீன் பிடிக்கணும், காலைல இங்க வந்து தூங்கணும்!"

"ஆதாரம்?"

ஒரு காகிதத்தை நீட்டினார்.

'என் பாடு என்பதால் நேற்று இரவு முழுவதும் ஏரியில் வலை போட்டேன். தூங்காமல் வந்தது என் தவறு.'

கீழே லோகேஷின் கையெழுத்து!

"கேஸ் போட்டு உள்ள தள்ளுங்க மேடம்."

வாசலில் நின்ற லோகேஷின் மனைவி ஜெயம்மா பாய்ந்து வந்தாள்.

"இன்னா சார், வாய் கூசாம புளுவுற! நேத்து காலைல ஆறு மணிக்கு வந்தவன் ஊட்டுக்கே வரல. ஒரு மாசமா ஷிப்டு மேல ஷிப்டு! பிரஷர் ஏறிப்போச்சு. சோத்தைக் கண்டா வாந்தி. பெத்த புள்ள பேரே மறந்துட்டான் மேடம்!"

"அப்போ இந்தக் கையெழுத்து?"

கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்ற லோகேஷ் கண்ணைத் திறக்கத் திணறினான்.

"போட்டா தூங்க வுடறேன்னாங்க... படிக்கல மேடம்... ஆமா, பிரதாப்பு எங்க?"



"நடிப்பு!" என்றார் மேனேஜர்.

செசிலியா கடிதத்தை உரக்கப் படித்தாள். ஜெயம்மா கண்ணீரோடு சிரித்துவிட்டாள்.

"நேத்து எங்க கோட்டைக்குப்பத்துக்குப் பாடே இல்ல மேடம்! பாடுன்னா வலை போடற முறை, ஒரு நாளைக்கு ஒரு குப்பத்துக்குத்தான். முறை தப்பி எறங்குனா வலைய அறுத்துப் போட்டுருவாங்க. எழுதுன அறிவாளிக்கு இது எங்க தெரியும்!"

செசிலியா பக்கத்துக் குப்பத்துத் தலைவருக்குப் போன் போட்டாள்.

"நேத்து எங்க முறைம்மா. வேற ஊரு ஆளு ஒருத்தன் கூட எறங்கல."

"கேட் கேமராவைப் போடுங்க."

லோகேஷ் உள்ளே வந்தது, நேற்று காலை ஆறு மணி. வெளியே போகவே இல்லை.

இருபத்தாறு மணி நேரம்!

தமிழ்வேந்தனுக்கு வேர்த்தது. "அவனேதான் ஆசைப்பட்டு..."

"லோகேஷை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஜீப்புல ஏறுங்க சார். லாக்கப்புல உங்களுக்கு ஷிப்டே கிடையாது, நல்லாத் தூங்கலாம்... கொசுதான் டபுள் டூட்டி பார்க்கும்!"