முதல் ஆமாம்

மனமறி ‘ஆம்’ என்று பச்சை காட்டியது. குறுமணியின் தூதர் கோமளவல்லி அந்தக் கருவியின் மேல் குனிந்து பார்த்தாள்.

“சரியாப் பாரு முத்தழகு. இன்னொரு தடவ ஓட்டு.”

“ஓட்டிப் பாத்துட்டேன்க்கா,” என்றான் அதை இயக்குபவன். “செவ்வாய் ஆமான்னுதான் சொல்லும்.”

மனமறி குறுமணிக்காரர்களின் கண்டுபிடிப்பு. குறுமணி ஒரு சிறுகோள். மூச்சுக்காற்றுகூட செவ்வாயிலிருந்து கலங்களில் வர வேண்டும். அங்குள்ளவர்களுக்குச் சொந்தமாக இருப்பது ரோஷம் ஒன்றுதான், அதையும் செவ்வாய்க்கு முன்னால் காட்டுவதில்லை. கோள்மன்றத்தில் செவ்வாய் என்ன நினைக்கிறதோ அதை, செவ்வாய் வாய் திறக்குமுன்பே குறுமணி சொல்லிவிடும். செவ்வாயின் செய்திகள், அதன் அதிபரின் முகச்சுளிப்பு எல்லாவற்றையும் மென்று மனமறி விடையைத் துப்பும். ஒருநாளும் பிசகியதில்லை. கேட்டபிறகு தலையாட்டுகிறவன் அடிமை, கேட்குமுன் தலையாட்டுகிறவன் நண்பன் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு நினைப்பு. வெட்கக்கேடுதான். ஆனால் மூச்சு விட வேண்டுமே!

இன்றைய தீர்மானம், செவ்வாய்க்கு அடங்காத ஆம்பல் நிலவுக்குப் போகும் காற்றுக்கலங்களை நிறுத்துவது. கோமளவல்லியின் தம்பி சிங்காரம் ஆம்பலில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டவன். அவன் மனைவிக்கு இது நிறைமாதம்.

குறுமணி முதல்வரின் குரல் காதுக்கருவியில் சீறியது. “என்னம்மா, இன்னும் கை தூக்கல?”

“ஐயா, என் தம்பி அங்க இருக்கான்யா.”

“தெரியும்மா. எனக்கு மட்டும் கல்லு மனசா? நீ வேண்டாம்னா செவ்வாய் விட்டுருமா? ஆம்பலோட சேத்து நம்ம காத்தும் போகும். எப்பவும் செய்யறதுதானே? மன்றத்துல ஆமான்னு சொல்லிட்டு, தாழ்வாரத்துல போய்க் கையக் காலப் பிடி.”

உண்மைதான். குறுமணி இதுவரை பெற்றதெல்லாம் அந்தத் தாழ்வாரத்தில் கெஞ்சிப் பெற்றது. கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கினாள். மன்றம் கைதட்டியது.

தேநீர் இடைவேளையில் செவ்வாயின் தூதர் வீரபத்திரர், தன் அதிபரோடு பேசி முடித்துவிட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். கோமளவல்லி ஓடிப்போய் வழி மறித்தாள்.

“ஐயா, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். என் தம்பியையும் அவன் பொண்டாட்டியையும் மட்டும் வெளிய கொண்டாந்திருங்க. ஒரே ஒரு கலம் போதும்யா.”

அவர் திகைத்து நின்றார். “இத முன்னாடியே வந்து கேட்டிருக்கக் கூடாதாம்மா? நேத்துலருந்து எங்க அமைச்சரவையில ஒரே சண்டை. பாதிப்பேர் வேண்டாம்னாங்க. நானும் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

“அப்ப நீங்க முடிவே எடுக்கலையா?”

“எங்கம்மா எடுத்தோம்? உங்களுக்காகத்தான் காத்திருந்தோம். இழுபறின்னா குறுமணி என்ன சொல்லுதுன்னு பாக்கறது எங்க வழக்கம். எங்க மனசு எங்களவிட உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்?”

மனமறி ஏன் பிசகியதே இல்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. அது சொன்னதை இவர்கள் சொன்னார்கள், இவர்கள் சொன்னதைச் செவ்வாய் செய்தது.

“மாத்திச் சொல்றேன்யா! இப்பவே போய் வேண்டாம்னு சொல்றேன்!”

“கலங்களத் திருப்பியாச்சும்மா. மறுபடி ஆம்பல் போய்ச் சேர அதுல எரிபொருள் இருக்காது. அடுத்தது போறவரைக்கும் அங்க காத்து தாங்காது.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “எங்கள அதிபர் எப்படி மடக்கினார் தெரியுமா? ‘சொந்தத் தம்பி அங்க இருந்தும் அந்தம்மா ஆமான்னு கை தூக்கியிருக்கா. நமக்கென்ன தயக்கம்?’னு கேட்டார். அதுக்கப்புறம் நாங்களும் கை தூக்கிட்டோம்.”