கசிவே இல்லாத வண்டி

உலகத்தில் பேய் என்று ஒன்று கிடையாது. இருப்பவை மூன்றுதான்: வீணான மூடி, வெடித்த குழாய், வெந்துபோன கேஸ்கெட். மனிதகுலம் இதுநாள்வரை அஞ்சி நடுங்கிய சகலமும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றுக்குள் அடங்கும்.

ஃபிட்டர் பெப்ரா இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. கானா நாட்டின் க்வாஹு மலைச்சாலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்த தன் பட்டறையின் தகரத்தில், தன் பெயரைவிடப் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருந்தான்: 'பேய் இல்லை. கசிவுதான்.'

அந்த வெள்ளிக்கிழமை ஹர்மட்டான் காற்று பாலைவனத்து மாவையெல்லாம் அள்ளிவந்து ஊர்மேல் கொட்டியிருந்தது. நண்பகல் தாண்டியும் வானம் வெளுத்துக் கிடந்தது. சூரியன் உரித்த முட்டைபோல் எங்கோ தொங்கியது. அந்தப் புழுதிக்குள்ளிருந்து ஆவி கக்கிக்கொண்டு ஒரு பழைய டாக்சி மலையிலிருந்து இறங்கி வந்து நின்றது. பின் கண்ணாடியில் சிவப்பு எழுத்து: 'கடல் வற்றாது'. கடலின் நிலவரம் தெரியாது. வண்டி வற்றிக்கொண்டிருந்தது.

இறங்கியவள் செர்வா. வண்டிக்குச் சொந்தக்காரியும் அவள்தான், டிரைவரும் அவள்தான்.

"என்னக்கா கோளாறு?" என்றான் பெப்ரா.

"மொதல்ல தண்ணி குடுடா. வந்தவங்களுக்குத் தண்ணியக் குடுத்துட்டு அப்புறம் சேதி கேக்கணும். ஒன்ன என்ன ஆடு மாடா வளத்துச்சு?"

"அதெல்லாம் பழைய காலம். வந்தவன் சேதிய மொதல்லயே சொல்லிட்டா தண்ணி மிச்சம்."

செர்வா தானே பாக்கெட் தண்ணீரை எடுத்து, மூலையைக் கடித்துத் துப்பிவிட்டு, பாதியைக் குடித்தாள். பிறகு சேதியைச் சொன்னாள். மலைமேல் நாளைக்குப் பெரிய வீட்டுச் சாவு. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை துக்கத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்க இவள் வண்டியைத்தான் பேசியிருக்கிறார்கள். வண்டியோ தண்ணீரைக் குடிக்கிறது. எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை.

"நாளைக்கு இது மேல ஏறலன்னா, பழைய இரும்புக்காரன்ட்ட சாவியக் குடுக்கறதா சொல்லிட்டேன். அப்புறம் நான் மார்க்கெட்ல தக்காளிக் கூடை தூக்க வேண்டியதுதான்."

"அக்கா, இந்தத் தண்ணி எங்க போகுதுன்னு நான் கண்டுபிடிக்கலன்னா, அந்தத் தகரத்த நானே எறக்கிடறேன். போதுமா?"

இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். ரப்பர் நன்றாயிருந்தது. கைப்பம்பால் உள்ளே காற்றழுத்தம் ஏற்றிப் பார்த்தான், பம்பின் முள் ஏறிய இடத்திலிருந்து இறங்கவில்லை. குழாய்களைப் பிசைந்தான், ஈரமில்லை. தண்ணீர் பம்புக்கு அடியில் விரலைவிட்டுத் தடவினான், புழுதிதான் வந்தது. ஆயில் கம்பியை உருவினான்; தண்ணீர் கலந்திருந்தால் பால்விட்ட கோக்கோபோல் இருக்கும், இது சுத்தமாயிருந்தது. ஸ்டார்ட் செய்யச் சொல்லி, புகைக்குழாயின் பின்னால் குனிந்து முகர்ந்தான். வெள்ளைப் புகையில்லை, தித்திப்பு வாசனையில்லை. திறந்த ரேடியேட்டரில் ஒரு குமிழிகூட எழவில்லை. வண்டியை ராணுவத்தில் சேர்த்துவிடலாம், அத்தனை ஆரோக்கியம்.

ஒரே ஒரு குற்றம் அகப்பட்டது. சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் காணோம்.

அது கானா முழுவதும் நடக்கிற குற்றம். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு, தண்ணீரை மறிக்கிறது என்று பிடுங்கி எறிந்துவிடுவார்கள். பெப்ரா புதிதாக ஒன்றை மாட்டினான். மாட்டும்போதே ஒரு சொற்பொழிவும் ஆற்றினான். வெறும் தண்ணீரை வடித்துவிட்டுப் பச்சைக் கூலன்ட்டைக் கலந்து கழுத்துவரை நிரப்பினான். வண்டி நின்ற இடத்தில் நெடுநேரம் ஓடியது. வெப்பமுள் பாதியில் வந்து படுத்துக்கொண்டது.

"பாத்தியாக்கா? ஒன் பேய் இந்த ஓட்ட வழியாத்தான் வந்துருக்கு."

"கீழ எப்பவும் ஒழுங்காத்தான் நிக்கும். கொட்டு வளைவுலதான் வேலையக் காட்டும்."

கொட்டு வளைவு தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. ஏறுகிற டிரைவர்கள் அங்கே நின்று, வண்டிக்கு முன்னால் மண்ணில் ஒரு பாக்கெட் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போவார்கள். டார்க்வா என்ற டிரைவர் அங்கே செத்ததிலிருந்து அந்தப் பழக்கம்.

"இது டார்க்வா அண்ணன் வண்டிதான்" என்றாள் செர்வா. "அவங்க வீட்டுலேர்ந்து வாங்கினேன். அன்னிக்கு அந்த வளைவுலதான் கொதிச்சுது. ஓடைக்கு எறங்கி, கேன்ல மொண்டுக்கிட்டு, அந்த வெயில்ல ஏறி வந்தாரு. ஒரு வாய் குடிக்கல. அம்புட்டையும் வண்டிக்கு ஊத்திட்டு, மூடிய மூடிட்டு, பம்பர்ல சாஞ்சு ஒக்காந்தாரு. அவ்வளவுதான்."

"ஹார்ட்டு அவருக்கு, கேஸ்கெட்டு வண்டிக்கு. ரெண்டும் வேற வேற டிபார்ட்மென்ட்டுக்கா."

"மத்தவங்கெல்லாம் கொட்டிட்டுப் போறாங்க. நான் கொட்டறதில்ல. மண்ணுக்கு ஊத்தறது பாவம்னு எங்க பாஸ்டர் சொல்லிட்டாரு."

"ஒங்க பாஸ்டரும் நானும் ஒத்துப்போற ஒரே விஷயம் இதுதான். மண்ணுல தண்ணி ஊத்தறவன் மண்ணத்தான் ரேடியேட்டர்னு நெனச்சிட்டிருக்கான். செத்தவனுக்கு என்னக்கா, வாயா இருக்கு, வயிறா இருக்கு? ஏறு. நானே ஓட்டிக் காட்டறேன்."

வண்டி மலையேறியது.

முதல் திருப்பம், அடுத்த திருப்பம். முள் பாதியிலேயே கிடந்தது. பெப்ரா ஒற்றைக் கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் விஞ்ஞானத்தை விளக்கினான். மேலே போகப் போகப் புழுதி தடித்தது. பள்ளத்தாக்கு மறைந்தது, பிறகு மரங்கள் மறைந்தன, பிறகு சாலையின் ஓரம். எங்கோ எரிந்த புல்லின் நாற்றம். எதிரே ஒரு வண்டியும் வரவில்லை. பறவைச் சத்தம் எந்த இடத்தில் நின்றது என்று அவன் கவனித்திருக்கவில்லை. நின்றுவிட்டிருந்தது என்பதை மட்டும் இப்போது கவனித்தான்.

வளைவு வந்தது.

முள் ஏறவில்லை. இறங்கியது.

செர்வாவுக்கு முகம் மலர்ந்தது. "குளுந்துருச்சு!"

பெப்ரா பிரேக்கை மிதித்தான். தண்ணீர் இருக்கும்வரைதான் முள் சூட்டைக் காட்டும். ஒரு சொட்டும் இல்லாமல் போனால், உணரும் கருவி வெறும் காற்றில் நின்றுகொண்டு, எல்லாம் குளிர்ச்சி என்று பொய் சொல்லும்.

இஞ்சினை அணைத்தான். கைப்பிரேக்கை இழுத்தான். இறங்கினான்.

வந்த வழியைப் பார்த்தான். புழுதிச் சாலையில் டயர்த் தடம் மட்டும். ஈரக்கோடு இல்லை. பானெட்டைத் தூக்கினான். அடியில் ஒரு சொட்டு இல்லை. துணியைச் சுற்றி மூடியைத் திருகினான். சீறிப் பாய வேண்டிய ஆவி பாயவில்லை. மூடி சும்மா கழன்று வந்தது.

உள்ளே வறண்டிருந்தது. இப்போது வற்றிய வறட்சியில்லை. பல வருஷமாய்த் தண்ணீரையே பாராத கிணற்றின் வறட்சி.

"அக்கா, தண்ணி குடு."

செர்வா பின்சீட்டிலிருந்த பாக்கெட்டுகளை அள்ளி வந்தாள். ஒன்றைக் கடித்து ஊற்றினான். தண்ணீர் போன சத்தமே கேட்கவில்லை. இன்னொன்று. இன்னொன்று.

அப்போது ரேடியேட்டரின் மேல்குழாய் அசைந்தது.

மணிக்கட்டுத் தடிமனுள்ள கறுப்பு ரப்பர். அது நடுவில் ஒடுங்கியது. உப்பியது. மறுபடி ஒடுங்கியது. ஒடுக்கம் மேலிருந்து கீழே நகர்ந்து போனது, அண்ணாந்து குடிப்பவனின் தொண்டையில் நகர்வதுபோல.

மடக்.

மடக்.

"ஒண்ணுமில்லக்கா" என்றான் பெப்ரா. குரலை உயர்த்தித்தான் சொன்னான். "உள்ள காத்து இழுக்குது. மூடியோட வால்வு அடச்சுக்கிட்டா குழாய் இப்படித்தான் சப்பும். மூடி மூடியிருந்தா..."

மூடி அவன் கையில் இருந்தது.

செர்வா கண்களை இறுக மூடி, கைகளை உயர்த்தி, ஜெபத்தை ஆரம்பித்தாள். அவர்கள் சபையில் ஜெபம் என்பது இயேசுவுக்குக் காது மந்தம் என்ற நம்பிக்கையோடு செய்யப்படுவது. மலை அதிர்ந்தது.

வண்டியின் முன்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

ஸ்பிரிங் முனகியது. தட்டுத் தடுமாறி, இரண்டு பக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக, களைத்த மனிதர் ஒருவர் பம்பரில் சாய்ந்து உட்காரும்போது தாழ்வதுபோல. பம்பரில் படிந்திருந்த வெள்ளைப் புழுதி ஒரு இடத்தில் மட்டும் தேய்ந்து, அடியிலிருந்த குரோம் பளிச்சென்று தெரிந்தது. அகலம் ஓர் ஆள் அகலம்.

பெப்ரா இரண்டடி பின்வாங்கினான். பிறகு, பின்வாங்கியது யாருக்காவது தெரிந்ததோ என்ற கோபத்தில், அந்த இரண்டடியையும் திரும்ப முன்னால் வைத்தான்.

"யாருய்யா அது? என்னய்யா வேணும் ஒனக்கு? நான் பெப்ரா. எம் பட்டறையில எழுதியிருக்கறத நீ படிச்சிருப்ப. நீ இல்ல! தெரியுதா? நீ கெடையாது!"

ரேடியேட்டரின் திறந்த வாயிலிருந்து இருமல் வந்தது.

வறண்ட இருமல். புழுதி அடைத்த தொண்டையின் இருமல்.

"தண்ணி குடுக்காம சேதி கேக்காதடா!" என்று செர்வா கண்ணைத் திறக்காமலே கத்தினாள். கத்தியபிறகு, தான் சொன்னது பாஸ்டருக்கு உகந்ததல்ல என்று பட்டிருக்க வேண்டும், ஜெபத்தை இரட்டிப்பாக்கினாள்.

ஒரு பாக்கெட் மிச்சமிருந்தது. இஞ்சினுக்கு ஊற்றினாலும் போதாது. அந்தத் தொண்டைக்குள் போய்விடும், அவ்வளவுதான். வண்டி இங்கேயே கிடக்கும். நாளைக்குத் துக்க வீட்டார் வேறு டாக்சி பிடிப்பார்கள். இரும்புக்காரன் வந்து, இதோ இந்த இடத்திலிருந்தே சங்கிலி கட்டி இழுத்துப் போவான். அந்த அக்கா தக்காளிக் கூடையோடு மார்க்கெட்டில் நடப்பாள்.

"ஊத்த மாட்டேன்" என்றான் பெப்ரா, வெறுமையைப் பார்த்து. "செத்தாலும் மண்ணுக்கு ஊத்த மாட்டேன்."

காற்று நின்றுபோயிருந்தது. இருமல் மறுபடி வந்தது, இன்னும் மெலிவாக, கேட்கக் கூச்சப்படுகிறவர் இருமுவதுபோல.

அந்தக் கூச்சம்தான் அவனை என்னவோ செய்தது.

செர்வாவைப் பார்த்தான். கண் மூடியே இருந்தது. சாலையின் இரு பக்கமும் பார்த்தான். பாக்கெட்டின் மூலையைச் சத்தமில்லாமல் கடித்தான். இடது கையில் இருந்ததை வலது கைக்கு மாற்றிக்கொண்டான்; இடது கையால் பெரியவர்களுக்கு எதையும் நீட்டக் கூடாது. குனிந்து, பம்பருக்கு முன்னால் பிடித்துக் கொட்டினான்.

தண்ணீர் பளபளவென்று விழுந்தது.

தரைக்கு வரவில்லை.

முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு சொட்டாய்க் காணாமல் போனது. அடியில் புழுதி உலர்ந்தே கிடந்தது. பை காலியாகும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

முன்பக்கம் மெல்ல எழுந்தது.

ரேடியேட்டருக்குள் களக்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தான். கழுத்துவரை தளும்பிக்கொண்டு நின்றது, பச்சையாக, அவன் பட்டறையில் நிரப்பிய அதே அளவு.

"ஆமென்!" செர்வா கண்ணைத் திறந்தாள். காலி பாக்கெட்டைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். "என்னடா பண்ண?"

"மூடி" என்றான் பெப்ரா. "மூடிதான். சரியா ஒக்காரல."

"அப்ப நாளைக்கு ஓடுமா?"

"ஓடும்."

மூடியை இறுக்கினான். பானெட்டை இறக்கினான். இருவரும் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். ஸ்டார்ட் செய்ததும் இஞ்சின் ஒரே சீராக ஓடியது. முள் நிதானமாய் எழுந்து பாதியில் வந்து நின்றது. செர்வா சன்னல் பக்கம் திரும்பி ஏதோ தோத்திரப் பாட்டை முனக ஆரம்பித்தாள்.

அப்போது வண்டியின் பின்பக்கம் தாழ்ந்தது.

பெப்ரா கண்ணாடியைப் பார்த்தான். பின்சீட்டில் யாருமில்லை. ஆனால் சீட்டு அமுங்கியிருந்தது. அதன்மேல் படிந்திருந்த புழுதி ஈரமாகிக் கறுத்துக்கொண்டு வந்தது.

கியரை மாற்றினான். செர்வாவுக்குக் கேட்காதபடி தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, தாழ்ந்த குரலில் கேட்டான்:

"வாங்கண்ணே. தண்ணி போதுமா? இப்ப சொல்லுங்க, என்ன சேதி?"